வாசலுக்கு வெளியே இரண்டு பேர்

மசாச்சோவின் ஆதாம் ஏவாள் ஓவியத்தை எப்படிப் பார்ப்பது?

ஃப்ளாரன்ஸ் நகரில், ஆர்னோ ஆற்றின் தென்கரையில் கார்மேல் சபைத் துறவிகளின் சான்டா மரியா டெல் கார்மினே ஆலயம் இருக்கிறது. முகப்பைப் பூசாமல் கரடுமுரடாக விட்டிருப்பதால் விவரம் தெரியாதவர்கள் நிற்காமல் கடந்து போய்விடுவார்கள். உள்ளே வலப்பக்கக் கோடியில் இருப்பது பட்டு வணிகர் ஃபெலிச்சே பிரான்காச்சியின் குடும்பச் சிற்றாலயம். 1420களின் நடுவில் அதன் சுவர்களுக்கு ஓவியம் தீட்ட மசொலினோ, மசாச்சோ என்ற இருவர் அமர்த்தப்பட்டார்கள். மசொலினோ நாற்பதைத் தாண்டியவர். மசாச்சோவுக்கு 23, 24 வயது. 1428இல், 27 வயது நிறையும் முன்பே, மசாச்சோ ரோமில் இறந்துபோனார்.

சிற்றாலயத்துக்குள் நுழையும் இடத்தில், இடப்பக்கத் தூணின் மேல்பாதியில் அவர் வரைந்த படம் இருக்கிறது. உயரம் சுமார் இரண்டு மீட்டர். அகலம் ஒரு மீட்டர்கூட இல்லை. ஆதாமும் ஏவாளும் ஏதேன் தோட்டத்தை விட்டு வெளியேறுகிறார்கள்.

கிறிஸ்தவர்கள் பாவத்தைப் பல விதமாகச் சொல்வார்கள்: தீர்க்க வேண்டிய கடன், கழுவ வேண்டிய கறை, குணமாக வேண்டிய நோய். இன்னொரு விதம், தூரம். மக்களுடைய அக்கிரமம் அவர்களுக்கும் கடவுளுக்கும் நடுவே பிரிவினையாக நிற்கிறது என்பார் ஏசாயா தீர்க்கதரிசி. இயேசு சொன்ன உவமையில் ஊதாரி மகன் சொத்தை வாங்கிக்கொண்டு போவதும் தூர தேசத்துக்குத்தான். மசாச்சோ கையில் எடுத்துக்கொண்டது இந்தத் தூரத்தை. ஆகவே படத்தைப் பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: இங்கே யார், எதிலிருந்து விலகியிருக்கிறார்கள்?

முதலில் கதையைப் படியுங்கள்

போகும் முன் ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள். மொத்தம் 24 வசனங்கள்தான். நமக்குத் தெரியும் என்று நினைக்கிற பல விஷயங்கள் அதில் இல்லை. ஆப்பிள் இல்லை, வெறுமனே கனி. சர்ப்பம் சாத்தான் என்று அந்த அதிகாரம் சொல்லவில்லை. அப்படி வாசித்தது பின்னால் வந்த மரபு.

கவனிக்க வேண்டியது நிகழ்ச்சிகளின் வரிசை. கனியைத் தின்றதும் முதலில் நடப்பது தண்டனை அல்ல. இருவருக்கும் தங்கள் நிர்வாணம் உறைக்கிறது. அத்தி இலைகளைத் தைத்து உடுத்திக்கொள்கிறார்கள். ஒருவர் முன் ஒருவர் கூச்சமில்லாமல் இருந்த நிலை அங்கே முடிகிறது. அடுத்து, தோட்டத்தில் கடவுள் உலாவும் ஓசை கேட்டு மரங்களுக்கிடையே ஒளிந்துகொள்கிறார்கள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டுத் தேடி வருபவர் கடவுள். விசாரணை வந்ததும் பழி கைமாறுகிறது. ஆதாம் மனைவியைச் சுட்டுகிறான். அவளைத் தந்தவர் நீர்தானே என்று கடவுளையும் சேர்த்து இழுக்கிறான். அவள் சர்ப்பத்தைச் சுட்டுகிறாள். பிறகு நிலம் சபிக்கப்படுகிறது. முள்ளும் குருக்கும் முளைக்கும். வியர்வை சிந்தித்தான் சாப்பிட வேண்டும்.

தோட்டத்தை விட்டு அனுப்பப்படுவது இதற்கெல்லாம் கடைசியில். பிரிவு வாசல் மூடியபோது தொடங்கவில்லை என்பதுதான் கதையின் நுட்பம். மனிதன் தன்னிடமிருந்தும், துணையிடமிருந்தும், கடவுளிடமிருந்தும், மண்ணிடமிருந்தும் ஏற்கனவே பிரிந்துவிட்டான். வாசல் அதை உறுதிப்படுத்துகிறது, அவ்வளவே.

வலது தூணில் தொடங்குங்கள்

உள்ளே வந்ததும் எல்லோருடைய கண்ணும் மசாச்சோவைத்தான் தேடும். பொறுங்கள். முதலில் வலப்பக்கத் தூணைப் பாருங்கள். அங்கே மசொலினோ வரைந்த முந்தைய காட்சி இருக்கிறது. ஆதாமும் ஏவாளும் மரத்தடியில் நிற்கிறார்கள். ஏவாளின் ஒரு கை மரத்தைச் சுற்றியிருக்கிறது. மேலே சர்ப்பம், அதற்குப் பெண்ணின் தலை, பொன்னிறக் கூந்தல். இடைக்கால ஓவியர்களிடம் இது வழக்கம்தான். ஆனால் ஏவாளின் தலைமுடியும் கிட்டத்தட்ட அதே நிறத்தில் இருப்பதைப் பாருங்கள். சோதனை வெளியிலிருந்து வருகிறது. ஆனால் பழகிய முகத்தோடு வருகிறது.

இந்தப் படத்தில் எதுவும் நடப்பதுபோலவே தெரியாது. முகங்களில் சலனமில்லை. உடல்கள் அழகாக, வழுவழுப்பாக இருக்கின்றன. பாதங்கள் தரையில் நின்றாலும் உடலின் பாரம் அவற்றில் இறங்கவில்லை. பின்னணி வெறும் இருட்டு. 'பழைய பாணி' என்று சொல்லி இதை ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அப்படி ஒதுக்கினால் எதிரே இருக்கும் படத்தில் பாதி போய்விடும். பாரமில்லாத இந்த நிற்பைக் கண்ணில் ஏற்றிக்கொண்டு அப்படியே இடப்பக்கம் திரும்புங்கள்.

காலிலிருந்து மேலே

மசாச்சோவின் படத்தை முகத்தில் தொடங்காதீர்கள்; ஏவாளின் முகம் உங்களைப் பிடித்துக்கொண்டு வேறெதையும் பார்க்கவிடாது. காலில் தொடங்குங்கள். இங்கே பாதம் தரையில் அழுந்துகிறது. நிழல் விழுகிறது. புல் இல்லை, பூ இல்லை, வெறும் மண். இடது ஓரத்தில் ஒடுங்கிய வளைவு வாசல். ஆதாமின் பின்னங்கால் அந்த வாசலோரத்திலிருந்து இன்னும் முழுதாக விலகவில்லை. முன்னங்கால் வெளியே. பிரிவு என்பதை அந்த ஒரே அடியில் மசாச்சோ வைத்துவிட்டார்.

அடுத்து அந்த அடியை எடுத்து வைக்கச் செய்வது எது என்று பாருங்கள். மேலே சிவப்பு உடையில் ஒரு தூதர். ஒரு கையில் வாள், மறு கை போக வேண்டிய திசையைக் காட்டுகிறது. ஆனால் அவர் யாரையும் தொடவில்லை. மற்ற ஓவியர்களோடு ஒப்பிட்டால்தான் இது எவ்வளவு பெரிய முடிவு என்று புரியும். 1445இல் சியெனாவின் ஜியோவான்னி தி பாவ்லோ இதே காட்சியை வரைந்தபோது தூதர் கை வைத்தே ஆதாமைத் தள்ளுகிறார். மைக்கேலாஞ்சலோவின் சிஸ்டைன் கூரையில் வாள்முனை ஆதாமின் கழுத்தில் படுகிறது. மசாச்சோவிடம் அப்படி எதுவும் இல்லை. இருவரும் தங்கள் காலாலேயே நடந்து போகிறார்கள். பாவத்தைக் கடவுள் வெளியிலிருந்து போட்ட தண்டனையாக மட்டும் பார்க்காமல், மனிதனே கடவுளை விட்டு நடந்துபோவதாகப் பார்க்கும் மரபு கிறிஸ்தவத்தில் உண்டு. அதற்கு இதைவிடத் தெளிவான படம் சொல்வது கடினம்.

இனி கைகள். ஆதாம் இரு கைகளாலும் முகத்தைப் பொத்தியிருக்கிறான். உடல் மூடப்படவில்லை, வயிறு உள்ளிழுத்துக் குலுங்குவது தெரிகிறது. ஏவாள் கைகளால் மார்பையும் இடையையும் மறைக்கிறாள். பழைய ரோமானியச் சிலைகளில் அழகின் தேவதையான வீனஸ் நாணி நிற்கும் நிலை இது. மசாச்சோவுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே பீசா பேராலயத்தின் பிரசங்க மேடையில் ஜியோவான்னி பிசானோ என்ற சிற்பி இந்த நிலையை ஒரு நற்பண்பின் உருவத்துக்குக் கொடுத்திருந்தார். மசாச்சோ அதை ஏவாளுக்குக் கொடுத்தார். அழகைக் காட்டவென்றே பிறந்த கைநிலை. மேலே அழகுக்கு இடமே இல்லாத முகம்.

ஆணுக்கு மனசாட்சியின் வெட்கம், பெண்ணுக்கு உடலின் வெட்கம் என்று வழிகாட்டிகள் இதை விளக்குவார்கள். அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஆதியாகமத்தில் இருவரும் ஒன்றாகத்தான் வெட்கப்படுகிறார்கள், ஒன்றாகத்தான் ஒளிகிறார்கள். ஆண், பெண் என்று வெட்கத்தைப் பங்கு வைத்தது கலை மரபு, வேதம் அல்ல. கைகள் எதைச் செய்யவில்லை என்பதைக் கவனிப்பது அதைவிடப் பயன் தரும். இத்தனை துயரத்திலும் ஒருவர் கை மற்றவரைப் பற்றவில்லை. தோள்கள் உரசும் அளவுக்கு நெருக்கமாக நடக்கிறார்கள், ஆளுக்கொரு தனிமை.

கடைசியாக ஏவாளின் முகம். கண்கள் இருண்ட குழிகளாக, வாய் திறந்தபடி. ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் அது காய்வதற்குள் வரைய வேண்டிய முறை இது. அடித்துத் திருத்த அவகாசம் கிடையாது. அருகில் எடுத்த நிழற்படத்தில் பார்த்தால் அந்த முகம் சில தூரிகை வீச்சுகள்தான் என்று தெரியும். அழுகுரல் காதில் விழுவதுபோல இருக்கிறது என்று பலரும் சொல்வது இந்த முகத்தைப் பார்த்துத்தான்.

ஒளி வரும் திசை

நிழல்கள் எந்தப் பக்கம் விழுகின்றன என்று பாருங்கள். ஒளி படத்தின் வலப்பக்கத்திலிருந்து வருகிறது. சிற்றாலயத்தின் உண்மையான சன்னலும் அந்தத் திசையில்தான், பீடத்தின் பின்சுவரில் இருந்தது. வரைந்த ஒளியும் கட்டடத்தின் ஒளியும் ஒன்றாக இருக்கும்படி மசாச்சோ அமைத்திருக்கிறார். தொழில்திறன் என்று இதைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் ஆதாமும் ஏவாளும் எந்தத் திசையில் நடக்கிறார்கள்? வாசலை விட்டு, பீடத்தை நோக்கி. வெளிச்சம் முன்னாலிருந்து வருகிறது. ஆதாம் கண்ணை மூடியிருக்கிறான். கடவுளை விட்டுப் போகிறவனுடைய பாதையிலும் கடவுளின் வெளிச்சம் இருக்கிறது, அவனால்தான் அதைப் பார்க்க முடியவில்லை என்று ஒரு விசுவாசி இதை வாசித்தால் மறுக்க முடியாது.

வரையாமல் விட்டவை

நல்ல ஓவியத்தில் இல்லாதவற்றுக்கும் கணக்கு உண்டு. முதலில், கடவுள் இல்லை. வாசலுக்குள்ளிருந்து சில கோடுகள் மட்டும் வெளியே பாய்கின்றன. கடவுளின் குரல் என்று அவற்றை வாசிப்பார்கள். உருவம் போய்விட்டது, குரல் மட்டும் பின்தொடர்கிறது.

இரண்டாவது, உடை இல்லை. வேதத்தின்படி, வெளியே அனுப்பும் முன் கடவுளே தோலால் உடை செய்து இருவருக்கும் உடுத்துகிறார். அதிகாரத்திலேயே இரக்கம் மிகுந்த வசனம் அதுதான். மசாச்சோ அதைக் கைவிட்டு இருவரையும் நிர்வாணமாக நடக்கவிட்டார். இதை அவருடைய துணிச்சல் என்பதா, இழப்பு என்பதா? படத்தின் வேகம் கூடியது; கதையின் கருணை ஒன்று குறைந்தது. இரண்டையும் ஒப்புக்கொண்டுதான் ரசிக்க வேண்டும்.

சுமார் 1680இல், மூன்றாம் கோசிமோ தெ மெதிச்சி ஆண்ட காலத்தில், யாரோ இந்த நிர்வாணத்தின் மேல் இலைக்கொத்துகளைத் தீட்டினார்கள். 1771இல் ஆலயத்தைத் தீ விழுங்கியது. சிற்றாலயம் தப்பியது, ஆனால் ஓவியங்களில் கரி ஏறியது. 1980களின் சீரமைப்பில்தான் கரியோடு இலைகளும் நீங்கின. பழைய புத்தகங்களில் இலையோடு கூடிய படமே இருக்கும். கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனிதன் தானாகப் போட்டுக்கொள்ளும் மறைப்பு போதாது என்பதுதான் கதையே. அதன் மேலும் இலை போட்டுப் பார்த்திருக்கிறார்கள்!

ஒரே கதை, பல வாசிப்பு

படத்தின் ஆழத்துக்குப் போக, கிறிஸ்தவர்கள் எல்லோரும் இந்தக் கதையை ஒரே மாதிரி வாசிக்கவில்லை என்பது தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் நூற்றாண்டில் லியோன் நகரின் ஆயராக இருந்த இரேனியு, ஆதாமையும் ஏவாளையும் இன்னும் வளர்ந்து முடியாத குழந்தைகளாகப் பார்த்தார். நான்காம் நூற்றாண்டு அலெக்சாந்திரியாவின் அத்தனாசியுவுக்கு இது உயிர் பற்றிய சிக்கல். இல்லாமையிலிருந்து உண்டாக்கப்பட்ட மனிதன் தன் உயிரின் ஊற்றிலிருந்து விலகினால் மறுபடி இல்லாமையை நோக்கித்தான் தேய்வான். மன்னித்தால் மட்டும் போதாது, அழிவதைத் தடுக்கவும் வேண்டும் என்றார்.

354 முதல் 430 வரை வாழ்ந்த அகுஸ்தீன்தான் மேற்கத்தியத் திருச்சபையில் ஆழமாகப் பதிந்தவர். ஆதாமின் குற்றமும் அதன் விளைவும் மனித இனம் முழுவதற்கும் பிறப்போடு வருகின்றன என்பது அவருடைய வாசிப்பு. நம் ஊரில் ஜென்மப் பாவம் என்று சொல்வது இதைத்தான். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் மரபு இதை இவ்வளவு தூரம் கொண்டுபோவதில்லை. ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது சாவும் நலிந்துபோன இயல்பும். அவன் செய்த குற்றத்தின் பொறுப்பு அல்ல என்பார்கள். யூதர்களுக்கும் இதே அதிகாரம் வேதம்தான். அவர்கள் இதிலிருந்து ஜென்மப் பாவம் என்ற கோட்பாட்டை எடுக்கவில்லை.

இதைத் தெரிந்துகொண்டு திரும்பவும் படத்தைப் பாருங்கள். அகுஸ்தீனோடு பார்த்தால் அந்த இருவரின் பின்னால் இன்னும் பிறக்காத எல்லோரும் நடந்து வருகிறார்கள். இரேனியுவோடு பார்த்தால் ஏவாளின் திறந்த வாய் ஒரு குழந்தையின் அழுகை. அத்தனாசியுவோடு பார்த்தால் அந்த வெற்று மண்தான் படத்தின் மையம்: மண்ணிலிருந்து வந்தவர்கள் மண்ணைப் பார்த்துப் போகிறார்கள்.

தூணோடு நின்றுவிடாதீர்கள்

ஓவியப் புத்தகங்கள் இந்தப் படத்தைத் தனியே வெட்டி அச்சிடுகின்றன. சிற்றாலயத்தில் அது தனியாக இல்லை. ஆதாமும் ஏவாளும் நடக்கும் திசையில் அடுத்த சுவரில் தொடங்குவது இயேசுவின் சீடரான பேதுருவின் கதை. பிரான்காச்சி சிற்றாலயத்தின் ஓவியங்கள் பெரும்பாலும் பேதுருவைப் பற்றியவை. ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்துவிட்டு, திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்டவர் அவர். தூரம் போனவர்களின் கதை திரும்பி வந்தவரின் கதைக்குள் நடந்து போகிறது.

இப்போது வலது தூணின் கீழ்ப்பாதியைப் பாருங்கள். அதை வரைந்தவர் வேறொருவர். மசொலினோ 1425இல் ஹங்கேரிக்குப் போனார். பிறகு மசாச்சோவும் ரோமுக்குப் போனார். பிரான்காச்சி குடும்பம் அரசியலில் தோற்று நாடு கடத்தப்பட்டது. அரைகுறையாகக் கிடந்த வேலையை 1480களில் முடித்தவர் ஃபிலிப்பீனோ லிப்பி. மசொலினோவின் சோதனைக் காட்சிக்கு நேர் கீழே அவர் வரைந்தது, சிறையிலிருந்து பேதுருவைத் தூதர் விடுவிக்கும் காட்சி. காவலன் தூங்குகிறான், தூதர் பேதுருவின் கையைப் பிடித்து வெளியே அழைத்து வருகிறார். இடது மேலே ஒரு தூதர், வலது கீழே ஒரு தூதர். இங்கும் ஒரு வாசல், அங்கும் ஒரு வாசல். மேலே யாரையும் தொடாத தூதர். கீழே கைபிடிக்கும் தூதர். இரண்டுக்கும் நடுவே அறுபது வருட இடைவெளி. அப்படித் திட்டமிட்டார்களோ இல்லையோ, குறுக்காகப் பார்க்கிறவர்களுக்கு இந்த ஜோடி கண்ணில் படும்.

சில நடைமுறைக் குறிப்புகள்

ஒரே நேரத்தில் சிலரைத்தான் உள்ளே விடுகிறார்கள், நேரமும் அளவுதான். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். படங்கள் தலைக்கு மேலே இருப்பதால் சின்ன பைனாகுலர் ஒன்று இருந்தால் ஏவாளின் முகத்தைத் தூரிகைத் தடத்தோடு பார்க்கலாம். வீட்டிலிருந்து பார்ப்பவர்கள், 1990க்குப் பிறகு எடுத்த நிழற்படங்களைத் தேடுங்கள். இரு தூண்களும் ஒன்றாகத் தெரியும் படம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பார்க்க வேண்டியவை

பிரிவோடு முடிந்துவிட்டால் அது கிறிஸ்தவர்களின் கதை ஆகாது. ஈஸ்டருக்கு முந்தைய பாஸ்கா திருவிழிப்பு இரவில், நம் ஊர்க் கத்தோலிக்கக் கோயில்களிலும், பாஸ்காப் புகழுரை பாடும்போது ஆதாமின் குற்றத்தையே பேறாகக் கொண்டாடும் ஓர் இடம் வரும். இத்தனை பெரிய மீட்பரைக் கொண்டுவந்த குற்றமாயிற்றே என்ற வியப்பு அது. இஸ்தான்புல்லில், இன்று காரியே மசூதியாக இருக்கும் பழைய சோரா ஆலயத்தில் இந்த வியப்பைப் படமாகவே பார்க்கலாம். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய அந்தச் சுவரோவியத்தில் கிறிஸ்து பாதாளத்தின் கதவுகளை மிதித்து நின்று, ஒரு கையால் ஆதாமையும் மறு கையால் ஏவாளையும் கல்லறைகளிலிருந்து இழுத்துத் தூக்குகிறார். இருவருக்கும் அங்கே உடை இருக்கிறது.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு ஃப்ளாரன்ஸிலேயே பதில் இருக்கிறது. கார்மினேயிலிருந்து ஆற்றைக் கடந்து சுமார் ஒரு கிலோமீட்டர் நடந்தால் சான்டா மரியா நொவெல்லா ஆலயம். அங்கே மசாச்சோ தன் கடைசி வருடங்களில் வரைந்த திரித்துவம் ஓவியம் இருக்கிறது. கீழே கல்லறையின் மேல் ஒரு எலும்புக்கூடு. ஆதாம் புதைக்கப்பட்ட இடத்தில்தான் சிலுவை நடப்பட்டது என்ற பழைய நம்பிக்கையோடு சேர்த்து அதை ஆதாமாக வாசிப்பவர்கள் உண்டு. மேலே சிலுவையில் கிறிஸ்து. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெறும் கோடுகளாக மட்டும் இருந்த கடவுள், இங்கே உருவத்தோடு சிலுவைக்குப் பின்னால் நின்று இரண்டு கைகளாலும் அதைத் தாங்கியிருக்கிறார். விலகிப் போனது மனிதன், தூரத்தைக் கடந்து வந்தது கடவுள் என்ற கிறிஸ்தவ வாதத்தின் இரு பாதிகளையும் ஒரே ஓவியர் ஒரே நகரில், இரண்டு மூன்று வருட இடைவெளியில் வரைந்துவிட்டுப் போயிருக்கிறார். நம்பிக்கை உள்ளவர்களும் இல்லாதவர்களும் முதலில் கார்மினே, பிறகு நொவெல்லா என்ற வரிசையிலேயே பாருங்கள். தூரம் எவ்வளவு என்று தெரிந்த கண்ணுக்குத்தான் அந்த இரண்டு கைகள் சிலுவையைத் தாங்குவதன் கனம் தெரியும்.